பூ எடுக்காத நாள்

ஒத்தப்புளிப்பட்டியிலிருந்து கூட்டுரோட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பாதை ஓர் ஆவணி மாதத்தில் நீள ஆரம்பித்தது. எல்லோருக்கும் நீளவில்லை. தினமும் போகிற பிள்ளைகளுக்கு அது எப்போதும்போல ஒரு புளிப்பு மிட்டாய் வாயில் கரைகிற தூரமாகவே இருந்தது. ஒரு நாள் போகாமல் நின்ற பிள்ளைக்கு மறுநாள் ஒரு தெரு நீளம் கூடியிருந்தது. ஒரு வாரம் நின்ற பிள்ளைக்கு ஓர் ஊர் நீளம் கூடியிருந்தது. முகூர்த்த மாதம் முழுக்கப் பூ எடுக்க நின்றுபோன சின்னக்கருப்பன் மகன் அழகுராசு, கஞ்சியைக் குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, புளியமரத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மறுபடியும் அதே புளியமரத்தைத் தாண்டி, அதே தொட்டியைத் தாண்டி, தாண்டித் தாண்டி, சாயங்கால மணி அடிக்கிறபோதும் புளியமரத்தடியில்தான் நின்றான். சலித்துப்போய்த் திரும்பினான். திரும்பிய அடுத்த நொடி அவன் வீட்டு வாசல். போகிற பாதைதான் நீண்டதே தவிர வருகிற பாதை யாருக்கும் ஒருநாளும் நீண்டதில்லை. காரியத்தைக் கெடுத்ததே அதுதான்.

ஏன் நீண்டது என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை, கேட்க அந்த ஊரில் நேரமும் இல்லை. அது மல்லிகை ஊர். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மொட்டெடுத்து, மார்க்கெட் வண்டியில் ஏற்றியாக வேண்டும். மொட்டாகப் போனால்தான் பூவுக்கு மரியாதை, செடியிலேயே விரிந்துவிட்டால் அதைச் சீந்த ஆளில்லை. இப்படி மொட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஜனங்களுக்குப் பாதை நீண்டால் என்ன, வானம் ஒரு முழம் இறங்கினால்தான் என்ன? "நீண்டாப் போகுது, சும்மாவா கெடக்கு, நடந்துதான் பழகட்டுமே" என்று சொல்லிவிட்டு அவரவர் பாத்தியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

ஆனாலும் ஊர் என்று இருந்தால் எதையாவது செய்யத்தானே செய்யும். பழைய ரோடு என்பதால்தான் இழுபடுகிறது, புது ரோடு போட்டால் கெட்டியாக நிற்கும் என்று பஞ்சாயத்தில் ஒருத்தர் யோசனை சொல்ல, தார் ஊற்றிப் புது ரோடு போட்டார்கள். அதுவும் இழுபட்டது, நின்றுபோன பிள்ளைகள் வெறும் கப்பிக்கல்லில் நடந்ததற்குப் பதிலாகத் தாரில் நடந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அளக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் அளந்தபோது பாதை சமர்த்தாக அரசாங்கம் சொன்ன நீளத்துக்கே கிடந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார். மினிபஸ்காரர் இரக்கப்பட்டு அழகுராசுவை ஒருநாள் ஏற்றிக்கொண்டார். அன்றைக்குப் பஸ்ஸும் சேர்ந்து புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து டீசல் தீர்ந்து நின்றது. பஸ்ஸில் இருந்த கூடைப் பூவெல்லாம் அந்தி நேரத்தில் கூடைக்குள்ளேயே விரிந்து நாறிப்போக, பூக்காரப் பெண்கள் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்கள். அதற்குப் பிறகு கண்டக்டர் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார்: "நேத்துப் பள்ளிக்கூடம் போனியா? போகலயா? எறங்கு, எறங்கு."

ஊர் இப்படித்தான் அந்த அதிசயத்தை விழுங்கிச் செரித்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால், "புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எம்புட்டுத் தொலவு?" என்று கேட்டார்கள். ஒரு பகலுக்கு மேல் என்றால் சரி, பெண் கல்யாணத்துக்குத் தயார். நூற்பாலைக்கு ஆள் பிடிக்கிற வேன்காரனுக்கு அதுவும் கேட்கத் தேவையில்லை; யாருக்கு எவ்வளவு நீண்டாலும் அந்த வேனுக்கு மட்டும் ஒத்தப்புளிப்பட்டியின் ஒவ்வொரு வாசலும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தது.

மொக்கச்சாமி மனைவி பவுன்தாய்க்கு மட்டும் இந்த விஷயம் செரிக்கவில்லை. குழப்பக்காரி என்று அவளுக்கு ஊரில் ஏற்கெனவே பெயர். உப்புப் போட்டோமா என்று ஒரு குழம்பை மூன்று தடவை நக்கிப் பார்க்கிற சாதி. அவளுடைய குழப்பம் இதுதான்: தினமும் மார்க்கெட் வண்டியில் போகிறபோது அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்கிறாள். மஞ்சள் சுவர், வேப்பமரங்கள், கொடிக்கம்பம், எல்லாம் ரோட்டோரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது. ஆனால் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டபோது, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள் பாருங்கள், அவள் ஓர் அடி வைத்தால் கேட்டும் ஓர் அடி பின்னால் போனது. அரை நாள் நடந்தும் அந்தக் கேட்டைத் தொட முடியவில்லை. வெட்கமாகிவிட்டது. திரும்பினாள், வீட்டில் நின்றாள். உடம்புக்கு முடியவில்லை என்று மகளிடம் பொய் சொல்லி அனுப்பினாள். உங்கள் ஊர்ப் பெற்றவர்களுக்கு அக்கறையே கிடையாது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் டீச்சர் சொன்னதாக மகள் வந்து சொன்னபோது, அக்கறை இல்லையா, பாதை இல்லையா என்று பவுன்தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது.

மகள் லோகேஸ்வரி ஒன்பதாவது படித்தாள். காலையில் பூவெடுத்துவிட்டு, ஈரத் தலையோடு கடைசி ஆளாகவாவது ஓடிப்போய் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிற பெண். பாதை நீள ஆரம்பித்ததிலிருந்து ஒருநாள்கூட நின்றதில்லை, காய்ச்சலோடும் போனாள். அப்பேர்ப்பட்டவள் மாசி மாதத்தில் பெரிய மனுஷி ஆனாள்.

அந்த ஊர் வழக்கத்தில், பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் வந்து அவள் தனியாக இருக்கப் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்ட வேண்டும், சீர் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிச் சபையில் உட்கார வைக்க வேண்டும். அதுவரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. தாய்மாமன் தவமணி வடக்கே லாரி ஓட்டுகிறவன். தகவல் சொன்ன அன்றைக்கே, "இந்தா கெளம்பிட்டேன்க்கா" என்றான். அடுத்த வாரம் போன் போட்டால் நாக்பூரில் நிற்கிறேன் என்றான். அதற்கடுத்த வாரமும் நாக்பூரில்தான் நின்றான். பக்கத்து வீட்டு ஆண்கள் யாராவது குச்சு கட்டக் கூடாதா என்றால், கூடாது. தாய்மாமன் உயிரோடு இருக்க இன்னொருத்தன் ஓலையைத் தொட்டால் அது சண்டையில் போய் முடியும். ஆகவே லோகேஸ்வரி வீட்டு மூலையில் தனித் தட்டோடும் தனி டம்ளரோடும் உட்கார்ந்திருந்தாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று கண்ணை மூடிக்கொண்டு அவள் ஓயாமல் சொல்வதைக் கேட்ட தெருப் பெண்கள், ஏதோ அம்மன் மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அம்மா, பாதை நீளுதும்மா. என் கால்ல தெரியுது" என்றாள் ஒருநாள்.

"மாமன் வந்துரட்டும்டி. வாசப்படி தாண்டுனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பரீச்ச எழுதுமாம்மா?"

வைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் தீட்டு என்பதையும் மறந்து கிட்டப் போன பவுன்தாய், ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டாள்.

கடைசியில் தவமணி வந்தான். வந்ததற்குக் குறை வைக்கவில்லை; கொட்டு மேளம், வெடி, தட்டுத் தட்டாகச் சீர், ஒரு கட்டு கரும்பு, ஆளுயர மாலை. குச்சு கட்டிய அன்றைக்கே குச்சைப் பிரித்து எரித்து, தண்ணீர் ஊற்றி, பிள்ளையைச் சபையில் உட்காரவைத்து, ஊருக்கே கறிச்சோறு போட்டான். மறுநாள் பூவெடுத்து முடித்ததும் லோகேஸ்வரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள், முகம் கறுத்துப்போய்.

"கொடிக்கம்பம் தெரிஞ்சுச்சும்மா. அதுக்குள்ள மணி அடிச்சுக் கேட்டப் பூட்டிட்டாங்க."

மறுநாளும் போனாள். போய்ச் சேராத நாளும் போகாத நாள்தானே, பாதைக்கு அதெல்லாம் தெரியுமா? அன்றைக்குக் கொடிக்கம்பம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் கம்பத்தின் நுனி மட்டும். பிறகு அதுவும் இல்லை. புளியமரம், தொட்டி, புளியமரம், தொட்டி. ஒருநாள் மத்தியானத்திலேயே திரும்பிவிட்டாள். திரும்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது. காலை ஒரு பக்கம் திருப்பினால் போதும், அம்மா வைத்த புளிக்குழம்பு வாசம் மூக்கில் அடித்தது.

தவமணிக்கு ஊருக்கு வந்ததும் வராததுமாக ஒரு யோசனை வந்திருந்தது. அவன் மனைவியின் தம்பி ஒருவன் கல்யாண வயதில் திருப்பூரில் இருந்தான். "இருவது நாளு, முப்பது நாளுன்னு இவ நடந்துக்கிட்டே கெடப்பாளாக்கா? கால் தேயுறதுதான் மிச்சம். பங்குனியில வர்ற அம்மன் பொங்கலுக்குள்ள பள்ளிக்கூடம் போய்ச் சேந்துட்டான்னா படிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். சேரலன்னா ஒரு வார்த்த பேசி வெத்தல மாத்திக்குவோம். கல்யாணம் பெறகு வச்சுக்கலாம்" என்றான். மொக்கச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதுவும் சரிதான் என்றும் சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை. அவன் எதற்கும் அப்படித்தான். பிள்ளை படித்து என்னவாகப் போகிறாள் என்று கேட்டால் பவுன்தாய்க்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் லோகேஸ்வரி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது, தன் கையாலேயே செடியோடு பிடுங்கிப் போட்டமாதிரி அவளுக்கு வலித்தது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வகுப்பு டீச்சர் சகாயமேரி ஸ்கூட்டரில் வந்தாள். பள்ளியிலிருந்து ஊருக்கு வருகிற பாதை அவளுக்கும் மிட்டாய் தூரம்தான். வந்த வேகத்தில் படபடவென்று பொரிந்தாள். நல்லாப் படிக்கிற பிள்ளையை இப்படி நிறுத்தலாமா, முழுப் பரீட்சை வருகிறதே, அதற்குள் ஒரே ஒருநாள் வந்து வகுப்பில் உட்கார்ந்துவிட்டால்கூட மறுநாளிலிருந்து பாதை பழையபடி ஆகிவிடுமே என்றாள். லோகேஸ்வரி நடந்த கதையைச் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"பூவெடுத்துட்டுக் கெளம்புனா சாயங்காலத்துக்குள்ள வந்து சேர முடியல. சரி. அப்ப பூவெடுக்கிறதுக்கு முன்னாடியே கெளம்ப வேண்டியதுதான?"

கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மொக்கச்சாமியே சிரித்தான். "டீச்சரு, அப்பறம் பூவ யாரு எடுக்கிறது?" என்றான். டவுன்காரிக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு அது. ஒத்தப்புளிப்பட்டியில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் பூவெடுத்த பிறகுதான். அந்த ஊரில் நாள் என்பதே பூவெடுத்து முடித்ததும்தான் பிறக்கும். இத்தனை பிள்ளைகள் இத்தனை மாதம் நடந்து தோற்றும், பூவுக்கு முன்னால் கிளம்பலாம் என்று ஒரு மண்டையிலும் தோன்றியிருக்கவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. லோகேஸ்வரி மெதுவாக, "மணி அடிச்சாக் கேட்டப் பூட்டிருவாங்க டீச்சர்" என்றாள்.

"சாவிய நான் வாங்கி வச்சுக்கிறேன். நீ வர்ற வரைக்கும் இருக்கேன்."

"என்னைக்கி வருவேன்னு எனக்கே தெரியாதே."

"அப்ப தெனமும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைப் பாதி குடித்துப் பாதியை வைத்துவிட்டு டீச்சர் போய்விட்டாள்.

அவள் போனபிறகும் பவுன்தாய்க்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தானும் சேர்ந்து சிரித்தோமே என்று இருந்தது. பூ எடுத்தால் பிள்ளை போகாது, பிள்ளை போனால் பூ போகும். எதை எடுப்பது, எதை விடுவது? டீச்சர் நிஜமாகவே உட்கார்ந்திருப்பாளா, இல்லை வாய்வார்த்தைக்குச் சொல்லிவிட்டுப் போனாளா? மொட்டெடுக்கையில் யோசித்தாள், கூடையைத் தூக்குகையில் யோசித்தாள், யோசிக்க யோசிக்கக் குழம்பியதே ஒழியத் தெளியவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய முகூர்த்தம் வந்தது. தோட்டம் நுனி முதல் அடிவரை மொட்டாக நின்றது. வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அப்படி வாய்க்கும். தெளியாமலேயே எழுந்து, மொக்கச்சாமி மோட்டார் ரூமில் படுத்திருக்க, மகளை எழுப்பித் தலையைச் சீவிவிட்டு, தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டில் பாதைக்கு வந்துவிட்டாள். தெளிந்த பிறகுதான் காரியம் செய்வது என்றிருந்தால் பவுன்தாய் பிறந்ததிலிருந்து ஒரு காரியமும் செய்திருக்க முடியாது.

இரண்டு பக்கமும் தோட்டங்களில் தலை விளக்குகள் அசைந்துகொண்டிருந்தன. "யாரு, பவுனா? ஒங்க தோட்டம் அங்கிட்டுல்ல இருக்கு, எங்கிட்டுப் போற?" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பயத்தில் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தார்கள், நடந்தார்கள், கீழ்வானம் வெளுக்கிறவரை நடந்தும் முதல் புளியமரமே வரவில்லை. இதென்னடா கூத்து, போன தடவை தனியாகப் போனபோதுகூட இந்நேரத்துக்கு நாலைந்து தடவை மரத்தைத் தாண்டியிருப்பேனே என்று லோகேஸ்வரிக்கும் விளங்கவில்லை. அவிழ்ந்த கொண்டையைப் போட்டுக்கொள்ளப் பவுன்தாய் கையை விட்டாள். விட்டதுதான் தாமதம், இரண்டே எட்டில் மகள் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அப்போதுதான் பவுன்தாய்க்கு உறைத்தது. இதே பள்ளிக்கூடத்தில், அது சின்னப் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில், அவளும் ஐந்தாவது வரை படித்தவள். ஒரு பங்குனியில் பூவெடுக்க நிறுத்தினார்கள், பிறகு போகவேயில்லை. அன்றைக்கு ஆரம்பித்து அவளுக்கும் பாதை நீண்டுகொண்டேதான் இருந்திருக்கிறது, கல்யாணம் நடந்தபோதும் பிள்ளை பெற்றபோதும் சத்தமில்லாமல் நீண்டிருக்கிறது. அவ்வளவு தூரத்தையும் மகள் கையில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். துணைக்கு வந்தேனா, பாரமாக வந்தேனா என்று தெரியாமல் ரோட்டில் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வாறேன்."

தூக்குவாளியைக் கொடுத்தாள். மகள் நடந்தாள், அம்மாவும் நடந்தாள், இருவரும் ஒரே நடைதான், ஆனாலும் மகள் முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. மத்தியானத்தில் தூரத்திலிருந்து லோகேஸ்வரியின் குரல் கேட்டது, "அம்மா, முடியலம்மா, திரும்பிருவோமா?" என்று. பவுன்தாய்க்கும் அதேதான் தோன்றியது; பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டு மடியில் படுக்கப்போட வேண்டும்போல இருந்தது.

"திரும்பாதடி!" என்று கத்தினாள். "நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். சத்தம் கேக்கலன்னாலும் வந்துக்கிட்டுத்தான் இருப்பேன். திரும்பிப் பாக்காத!"

மகள் ஒரு புள்ளியாகி, புள்ளியும் கானலில் கரைந்தது. அதற்கு மேல் அவள் காதுக்குத் தன் சத்தம் எட்டப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் பவுன்தாய் வெகு நேரம் நடந்தாள். தொண்டை வறண்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து, உட்கார்ந்தவள் எழுந்திருக்கையில் லேசாகத் திரும்பிவிட்டாள். வீட்டு வாசலில் நின்றாள்.

மொக்கச்சாமி தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அரைக் கூடை மொட்டு இருந்தது. ஒத்தை ஆளாக அவனால் எடுக்க முடிந்தது அவ்வளவுதான். ஊரெல்லாம் அவரவர் பூவில் இருக்க, கூப்பிட்டால் யார் வருவார்கள்? மார்க்கெட் வண்டி எப்போதோ போய்விட்டது.

"பூவெடுக்காம எங்க போன?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"ஒனக்கென்ன பள்ளிக்கூடம்?"

"தெரியலங்க" என்றாள். அடிப்பான் என்று நினைத்தாள். அவனுக்கு அடிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவளையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெயில் தாழ்ந்ததும் தோட்டம் விரிய ஆரம்பித்தது. எடுக்கத் தவறிய மொட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக விரிந்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு தோட்டம் முழுக்க, ஒரு செடி பாக்கியில்லாமல் விரிந்து அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. பச்சை போய் வெள்ளை வந்தது. வாசம் எழுந்து தெருவுக்குள் நுழைந்து, மாட்டுக் கொட்டகையில் நுழைந்து, கொதிக்கிற உலையில் நுழைந்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரின் நடுவில் நுழைந்தது. ஊர் மொத்தமும் வரப்பில் வந்து நின்றது. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, இவ்வளவு பூவும் வீணாய்ப் போச்சே என்று துக்கம் கேட்பதா என்று தெரியாமல், சாவு வீட்டில் நிற்கிறமாதிரி கைகட்டிக்கொண்டு நின்றார்கள். "இது இப்பிடித்தான் இருக்குமா?" என்றான் மொக்கச்சாமி, யாரிடம் என்றில்லாமல். "இம்புட்டு வருசமா வச்சிருக்கேன், இன்னைக்கித்தான் பாக்குறேன்."

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், புள்ளை எங்கே என்று.

விளக்கு வைக்கிற நேரம். வயசுக்கு வந்த பெண். வீட்டில் இல்லை. வரப்பில் நின்ற அவ்வளவு பேரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். தவமணி பைக்கை எடுத்துவிட்டான். இரண்டு மூன்று பேர் டார்ச்சோடு பின்னால் ஏறினார்கள். பவுன்தாய் தெருமுனைக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பைக்குக்குக் குறுக்கே நின்றாள்.

"யாரும் போகக் கூடாது."

"அறிவிருக்காக்கா ஒனக்கு? பொம்பளப் புள்ள, இருட்டப் போகுது!"

"பேரச் சொல்லிக் கூப்புட்டீங்கன்னாத் திரும்பிருவா. திரும்பிட்டா வீட்டுக்கு வந்துருவாடா."

"வீட்டுக்கு வாறதுக்குத்தானக்கா தேடப் போறோம்?"

தம்பி கேட்டதில் என்ன தப்பு? பிள்ளை இன்னும் வீடு வரவில்லை என்றால் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். நடந்துகொண்டிருக்கிறாள், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டாள். இல்லாவிட்டால், அதற்கு மேல் பவுன்தாய் நினைக்கப் பயந்தாள். பிள்ளை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு மனசு வேண்டியது, வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு மனசு அதே சாமியிடம் வேண்டியது. அந்தச் சாமியும் குழம்பித்தான் போயிருக்கும். பைக்கின் விளக்கு அவள் முகத்தில் அடித்தது. தவமணி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். ஊர்ப் பெண்கள், ஏத்தா வழிய விடு, பெத்தவளா நீ என்று கத்தினார்கள். அவள் கையை மடக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டு, ஓர் அடிகூட நகராமல் நின்றாள்.

மொக்கச்சாமியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் காதில் வைத்தான்.

"பவுன்தாயம்மா, நான் சகாயமேரி பேசுறேன். வந்துட்டா. பெஞ்சுல உக்காந்திருக்கா. இந்தாங்க, பேசுங்க."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நான் திரும்பிப் பாக்கவே இல்லம்மா."

பவுன்தாய் விரித்த ஒரு கை இன்னும் விரித்தபடியே இருந்தது.

"அம்மா, கேக்குதா? பசிக்குதும்மா."

"திரும்புடி" என்றாள் பவுன்தாய். "இப்பத் திரும்பு. சோறு எடுத்து வைக்கிறேன்."

போனைப் புருஷன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். தட்டைக் கழுவிச் சோற்றுப்பானையின் மூடியைத் தூக்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.